மெல்லிய வாய்க்கு ஒரு கோல்

பனிக்காட்டு அணையில் செத்தவர்கள் பேச ஆரம்பித்தபோது ஊருக்குள் முதலில் கிளம்பிய சண்டை, இப்படியும் நடக்குமா என்பதைப் பற்றியதல்ல, அதற்கு எந்தத் தூண்டில்கோல் நல்லது என்பதைப் பற்றியது. அக்கரைச் சந்தைக்குப் போன படகு மழையில் கவிழ்ந்து, பூண்டு மூட்டைகளும் கோழிக்கூடைகளும் கரை ஒதுங்கி, மனிதர்கள் மட்டும் ஒதுங்காமலே போன அந்தத் துக்கத்துக்குப் பிறகு, அணைத் தண்ணீரில் கை அலம்பக்கூட மனசில்லாமல் கிடந்த ஊர் அது. அந்த ஊரில் குருவம்மாளின் தம்பி ஒருநாள் குழம்புக்கு மீன் பிடிக்கப் போய், இரண்டு கையும் துடுப்பில் இருந்ததால் கோலின் அடியைத் தோளுக்கும் தாடைக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க, மீன் கடித்த நேரத்தில் தாடை எலும்பு வழியாக அவன் மச்சானின் குரல், படகோடு போன மச்சானின் அதே சளி கட்டிய குரல், "மாடு கன்னு போட்டுச்சாடா?" என்று கேட்டது. "போட்டுச்சு மச்சான், கெடேரி," என்று பதில் சொல்லிவிட்டு அவன் கரைக்கு வந்து அக்காளிடம் விஷயத்தைச் சொன்னான். குருவம்மாள் புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்துவிட்டு, வேறு எதுவும் கேட்காமல் போய்ப் படகில் ஏறி உட்கார்ந்தாள்.

அந்த மீனுக்குக் கோக்கனி என்று பெயர். படகு கவிழ்வதற்குக் கொஞ்சம் முன்னால்தான் மீன்வளத் துறைக்காரர்கள் ஏதோ ஒரு குளிர் தேசத்திலிருந்து குஞ்சாக வரவழைத்து, ஐஸ் பெட்டியில் சுமந்துவந்து அணையில் விட்டிருந்தார்கள். வெள்ளி நிறம், முழங்கை நீளம், அரசாங்க விருந்தாளியின் மிடுக்கு. கரையில் உட்கார்ந்து புழு கோத்துப் போட்டால் ஏறெடுத்தும் பார்க்காது. சின்னப் படகை ஏர் உழுகிற வேகத்தில் தள்ளிக்கொண்டு, நூலைப் பின்னால் இழுத்துக்கொண்டே போகவேண்டும்; முள்ளுக்கு ஒரு முழம் முன்னால் எவர்சில்வர் கரண்டியின் குழியை வெட்டித் தகடாகக் கட்டி மினுக்கவேண்டும்; முள்ளில் வெள்ளை மக்காச்சோளம் ஒற்றை மணி கோக்கவேண்டும். இவ்வளவு உபசாரத்துக்குப் பிறகு மனசு வந்தால் கடிக்கும். கடித்தாலும் அதன் வாய் நனைந்த அப்பளம். கெண்டை இழுத்துப் பழகிய கை ஒரு சுண்டு சுண்டினால் வாய் கிழிந்து முள் மட்டும் வெறுமனே வரும், பேச்சும் அதோடு அறுந்துவிடும். ஒருமுறை கிழிந்த வாயிலிருந்து மறுமுறை குரல் மெலிந்துதான் வரும். மீனைத் தண்ணீரைவிட்டு வெளியே தூக்கினாலோ அது வெறும் மீன்.

ஏன் அந்த மீன் பேசியது, படகில் போனவர்கள் மட்டும் ஏன் பேசினார்கள் என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. உடைத்துக்கொள்ள ஊருக்கு வேறு விஷயங்கள் இருந்தன. எந்த வீட்டுக்கு எந்த வேளை படகு என்று பஞ்சாயத்து முறை வைத்தது. மீன்வளத் துறை, மீன்களோடு உரையாடுவதற்கு முன்அனுமதி அவசியம் என்று ஒரு பலகை நட்டது. பங்குச்சாமியார் இதைப் பற்றிப் பிரசங்கத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் ஒரு கோல் வாங்கினார். யார் கோலில் யார் வருவார் என்பது மட்டும் ஒருநாளும் தவறவில்லை. அதனால் மேலத்தெரு மருமகள் ஒருத்தி, மாமியார் வந்தால் சீக்கிரம் அறுந்து போகட்டும் என்று ஊரிலேயே முரட்டுக் கோலாகப் பார்த்து வாங்கிப்போனாள். அதிலும் அந்த அம்மாள் வாய் கிழியாமல் வந்து அரைமணி நேரம் பேசினாள். இரண்டு வீட்டு நூல் சிக்கிக்கொண்ட நாளில் செத்தவர்கள் இரண்டுபேரும் தங்களுக்குள்ளேயே ஊர்க்கதை பேச ஆரம்பித்து, உயிரோடிருந்தவர்களைச் சட்டையே செய்யவில்லை. "கொஞ்சம் வலிக்குது, பரவால்ல இரு," என்று ஒரு பிள்ளையின் குரல் அதன் தாயிடம் சொன்னதற்குப் பிறகு, ஊர் முழுக்க உட்கார்ந்து முள்ளின் எதிர்க்கொக்கியை அரத்தால் ராவிவிட்டார்கள். அப்படி ராவின முள்ளில் மீன் இன்னும் சுலபமாக நழுவும் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்துதான் செய்தார்கள்.

செத்தவர்கள் பெரிய விஷயம் எதுவும் பேசவில்லை. அடுக்குப்பானையில் மூன்றாவதில் கொத்தமல்லி இருக்கிறது, காணாமல் போன கோழி வைக்கோல் போருக்குள் முட்டையிடுகிறது, கடைக்குட்டிக்குத் தலைவாரும்போது வகிடு கோணலாக எடுக்காதே. நாம் சொல்லும் பதில் அவர்களுக்குக் கேட்கிறதா என்பதை மட்டும் ஊர் கடைசிவரை முடிவுசெய்யவில்லை. கேட்கிறது என்று வைத்துக்கொண்டு பேசினார்கள்.

பேசாமல் போனது இன்னாசியின் வீட்டில் மட்டும்தான். இன்னாசி அணையில் மதகு ஆப்பரேட்டர். மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தால் ஆள் உயரச் சக்கரத்தைச் சுற்றி மதகைத் திறப்பதும் மூடுவதும் அவர் வேலை, முப்பது வருடமாகச் சுற்றிச்சுற்றி இரண்டு கையும் உரலும் உலக்கையும் மாதிரி ஆகிவிட்டன. கை அப்படியென்றால் குணமும் அதே வழிதான். அரை வார்த்தையிலேயே விஷயத்தைப் பிடித்துவிடுகிற மனிதர் என்று அவருக்குத் தன்னைப் பற்றி ஒரு பெருமை. அவர் மனைவி அடைக்கலமேரி, "ஏங்க, பக்கத்து வீட்ல..." என்று ஆரம்பித்தால், "தெரியும் தெரியும்," என்பார். "ஏங்க, இந்தத் தடவ அரிசி..." என்றால், "சரி, வாங்கிக்கலாம் விடு." மிச்சத்தை அவள் அடுப்படிக்கு எடுத்துப்போய்ச் சட்டி பானையிடம் சொல்லிக்கொள்வாள். அதைக் கேலியாகவும் சொல்வாள், "எம் புருசன் என் பேச்ச முழுசாக் கேட்டது கோயில்ல 'சம்மதம்'னு சொன்னப்பதான், அதுவும் ஒத்த வார்த்தைங்கறதால," என்று.

படகு கவிழ்ந்த காலையில் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பி நின்று, "ஏங்க..." என்றாள். இன்னாசி முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். "படகு போயிரும், வந்து பேசிக்கலாம், போ," என்றார். அவள் போனாள். அவளைப் பேசவிட்டிருந்தால் படகு போயிருக்கும். அவள் கரையில் நின்றிருப்பாள், திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்திருப்பாள், இன்றைக்கும் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருப்பாள். இந்த ஒன்றைத்தான் இன்னாசி அன்றிலிருந்து சக்கரம் சுற்றுகிற மாதிரி மனசுக்குள் சுற்றிக்கொண்டிருந்தார், திறப்பதற்கும் முடியாமல் மூடுவதற்கும் முடியாமல்.

மீன்கள் பேசுகின்றன என்று தெரிந்ததும் அவர் பரணிலிருந்த மூங்கில் கோலை எடுத்துக்கொண்டு ஓடினார். முதல் தடவை தாடையில் குரல் வந்தது. "ஏங்க..." அவ்வளவுதான். அந்தக் குரலைக் கேட்ட மாத்திரத்தில் கை தன் பாட்டுக்கு இழுத்தது, வாய் கிழிந்தது, முள் வெறுமனே வந்தது. இரண்டாம் தடவை கடையில் விற்கிற கண்ணாடி இழைக் கோலோடு போனார், "ஏங்க..." கை ரீலைச் சுற்றிவிட்டது. மூன்றாம் தடவை அந்த "ஏங்க" எங்கேயோ கிணற்றடியிலிருந்து கூப்பிட்டதுபோல மெலிந்து வந்தது, அதையும் கிழித்தார். கரையில் இருந்தவர்கள் எதுவும் சொல்லவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள், அன்றைக்கு ஊர் தானே மூடிக்கொண்டது. அதுதான் அவருக்கு அதிகம் வலித்தது.

அதற்குள் இன்னொரு சேதி வந்தது. கோக்கனிக்கு ஆயுசு சின்னது, வயசு முடிகிற வருடம் உடம்பு குங்குமச் சிவப்பாகும், சிவந்துவிட்டால் எதையும் கடிக்காது, அணையில் வந்து விழுகிற ஓடையில் ஏறிப்போய் முட்டையிட்டுச் செத்துப்போகும், இங்கே அந்த முட்டையும் பொரிக்காது, புதுக் குஞ்சு வாங்க அரசாங்கத்துக்கு உத்தேசமும் இல்லை என்று துறைக்காரர் டீக்கடையில் வைத்துச் சொல்லிவிட்டுப் போனார். அந்த வாரமே குருவம்மாளின் நூலில் புருசன் வரவில்லை. தண்ணீருக்கடியில் சிவப்பாக ஒன்று ஓடை முகத்தைப் பார்த்துப் போனதை மட்டும் பார்த்தாள். இன்னாசி மறுநாள் காலை மைதீன் பிச்சையின் கடை திறக்குமுன்னே போய் வாசலில் நின்றார்.

மைதீன் பிச்சை பஸ் ஸ்டாண்டு ஓரம் குடை ரிப்பேர் பார்க்கிறவர். மலைமேலிருக்கிற ஊர், வருடத்தில் முக்கால்வாசி மழை, அதனால் பிழைப்புக்குக் குறைவில்லை. செத்தவர்கள் பேச ஆரம்பித்த பிறகு குடைக்கம்பியும் கண்ணாடி இழையும் சேர்த்து அவர் கட்டிக்கொடுத்த கோல்கள்தான் ஊரில் பேர் வாங்கின. எந்தக் கோலையும் அவர் சும்மா தூக்கிக்கொடுத்துவிட மாட்டார். உத்திரத்து ஆணியிலிருந்து ஒரு கயிற்றில் நனைந்த அப்பளத்தைத் தொங்கவிட்டு, நூல் நுனி முள்ளை அதில் குத்தி, வாங்குகிறவர் கையில் கோலைக் கொடுத்து ரீலைச் சுற்றச் சொல்வார். அப்பளம் கிழியாமல் கோல் வளைந்தால்தான் வியாபாரம். அதற்காகவே கடையில் ஒரு குண்டானில் எப்போதும் அப்பளம் ஊறிக்கொண்டிருக்கும்.

இன்னாசி முதல் அப்பளத்தைக் கிழித்தார். கோலை மாற்றினார்கள், இரண்டாவதும் கிழிந்தது. இன்னும் நீளமாக, இன்னும் மெல்லிசாக, நுனி எருக்கங்குச்சியைவிட ஒல்லியாக ஒவ்வொன்றாக மைதீன் பிச்சை எடுத்துக்கொடுக்க, ஒவ்வொன்றாக அப்பளம் கிழிந்து தரையில் விழுந்தது. கடைசியில் குண்டானில் தண்ணீர் மட்டும் மிஞ்சியது.

"கோல்ல ஒண்ணும் இல்லண்ணே," என்றார் மைதீன் பிச்சை.

"அப்ப வேற நல்ல ரீலா குடு பாய்."

"ரீல்லயும் ஒண்ணும் இல்ல. பதறாத காரியம் சிதறாதும்பாங்க. நீங்க முள்ளு குத்துன ஒடனே சுத்துறீங்க. இது மதகு இல்லண்ணே."

இன்னாசி ஈர அப்பளங்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சட்டென்று அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து, கிழிந்துபோன குரலில் சொன்னார், "அவ என்ன சொல்ல வந்தான்னு தெரியாம நான் சாகக் கூடாது பாய்."

மைதீன் பிச்சை கோலை வாங்கிச் சுவரில் சாய்த்தார். உள்ளே போய், ரிப்பேருக்கு வந்து வாங்க ஆள் வராத குடைகளுக்குள் துழாவி, ஊதாப் பூப்போட்ட ஒரு குடையை எடுத்துவந்தார். அடைக்கலத்தின் குடை. கைப்பிடி ஆடுகிறது என்று கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். "அவுங்க போன அன்னைக்கு நல்ல மழ. கொட எங்கிட்ட கெடந்துச்சு. ஒருவேள கொடைய வாங்கிட்டு வந்துருங்கன்னு சொல்லத்தான் நின்னாங்களோ என்னமோ," என்றார். "ஒங்க மூஞ்சியப் பாக்கத் தைரியம் இல்லாம நான் இத உள்ள வச்சிருந்தேன்."

அந்தக் குடையிலிருந்து இரண்டு கம்பிகளை உருவி, இழைத்து, கண்ணாடி இழைக் கோலின் தலையில் நுனியாகக் கட்டினார். கொசு உட்கார்ந்தால் தலையாட்டுகிற அளவுக்கு மெல்லிசான நுனி. ரீலும் உள்ளங்கை அளவே இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு. இறுக்கினால் நூல் நிற்கும், தளர்த்தினால் மீன் இழுக்க இழுக்க நூல் தானாகப் போய்க்கொண்டேயிருக்கும். எல்லாரும் அதை இறுக்கி வைப்பதுதான் வழக்கம், மீன் பக்கத்தில் வந்தால் குரல் தெளிவாகக் கேட்கும் என்று. மைதீன் பிச்சை அதைத் தளர்த்தி, தளர்த்தி, கழன்று விழுந்துவிடாத இடத்தில் நிறுத்தினார்.

"மீனு போனா போகட்டும்ணே. நூலு இருக்குற வரைக்கும் பேச்சு இருக்கும்."

படகு தள்ளக் குருவம்மாள் வந்தாள். அவளுக்கு இனிமேல் தண்ணீரில் யாரும் இல்லை. கேட்பவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து துடுப்புப் போடுவது அந்த ஊரில் மரியாதை. அவள் அப்படியே முன்பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். விடிந்து பனி விலகும் நேரம். தண்ணீருக்கடியில் மீன் கூட்டத்தில் பாதிக்கு மேல் சிவப்பு ஏறிவிட்டிருந்தது. இன்னாசி கோலின் அடியைத் தாடையில் அழுத்தி இடது கையால் பிடித்துக்கொண்டார். வலது கையைப் பார்த்தார். அதை நம்பமுடியாது என்று அவருக்குத் தெரியும். அதைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

வெகுநேரம் கழித்துக் குடைக்கம்பி நுனி நடுங்கியது.

"ஏங்க..."

மூன்று தடவை கிழிந்த வாய், குரல் நூலிழையாகத்தான் வந்தது. உடம்பின் கீழே கை துள்ளியது. இன்னாசி இன்னும் அழுத்தி உட்கார்ந்தார். நூல் மெதுவாக அவிழ்ந்து போனது. அந்தப் பக்கத்திலும் ஒரு மௌனம், இந்த மனிதர் இப்போது குறுக்கே பேசுவார் என்று பழகிப்போன ஒருத்தி காத்திருக்கிற மௌனம். குறுக்கே ஒன்றும் வராததால் குரல் தயங்கித் தயங்கி மேலே போனது.

"ஏங்க, நீங்க ராத்திரி டூட்டிக்குப் போறப்ப வெளக்க அணைக்காமப் போங்கன்னு சொல்ல வந்தேன். புது வீடு. எனக்குப் பயமா இருந்துச்சு."

இன்னாசிக்கு நினைவு வந்தது. கல்யாணமான முதல் மாதம். தெரியும் தெரியும், கதவத் தாப்பாப் போட்டுக்க என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்துவிட்டுப் போயிருந்தார். அடைக்கலம் அங்கிருந்துதான் ஆரம்பித்திருக்கிறாள். முப்பது வருடமாக அவர் பாதியில் வெட்டிப்போட்ட பேச்சுகளை வரிசை மாறாமல் ஒவ்வொன்றாக எடுத்து அவள் முடித்துக்கொண்டுபோனாள். ஏங்க, அந்த நீலச் சட்டை ஒங்களுக்கு நல்லாவேயில்ல, ஊரே சிரிச்சுது. ஏங்க, எங்க அண்ணன் அன்னைக்குக் கோவிச்சுக்கிட்டுப் போனதுக்கு நீங்க காரணம் இல்ல, சாம்பார்ல உப்பு. ஏங்க, மதகு தெறக்குற அன்னைக்கெல்லாம் மேட்டுல நின்னு ஒங்களப் பாப்பேன், அவ்வளவு தண்ணியும் ஒங்க கையிலன்னு பெருமையா இருக்கும், அதச் சொல்ல வந்தேன். இன்னாசி மூச்சுவிடுகிற சத்தம்கூடக் குறுக்கே போய்விடக்கூடாது என்று வாயைத் திறந்து மூச்சுவிட்டார். கண்ணீர் கோல்வழியே வழிந்து ரீலில் சொட்டியது.

"ஏங்க, இனிமே புள்ள நிக்காதுன்னு டாக்டரம்மா சொன்னப்ப, நீங்க விடு விடுன்னீங்க. ஒங்களுக்குக் கோவமா, வருத்தமான்னு கேக்க வந்தேன். எனக்குத் தெரியவேயில்ல."

"வருத்தந்தான்," என்றார் இன்னாசி. அணை முழுக்கக் கேட்கிற மாதிரி இல்லை, பக்கத்தில் படுத்திருப்பவளிடம் சொல்கிற மாதிரி. "வருத்தந்தான் அடைக்கலம்."

நூல் ஒரு கணம் நின்றது. நின்றதோ, அவருக்குத்தான் அப்படித் தோன்றியதோ. பிறகு முன்னைவிடக் கொஞ்சம் வேகமாக ஓட ஆரம்பித்தது. மீன் ஓடை முகத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. குருவம்மாளிடம் சைகை காட்டலாம் என்றால் அவள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள், அதனால் அவர் காலால் பலகையைத் தட்ட, அவள் புரிந்துகொண்டு நூல் போகிற திசையில் படகைத் திருப்பித் துடுப்பை வலித்தாள். அடைக்கலம் பேசிக்கொண்டே போனாள். அணைக்கு வெள்ளையடித்த வருடம் வந்தது. நாத்தனார் செத்த வருடம் வந்தது. பேச்சு அந்தக் கடைசிக் காலையை நோக்கி வந்துகொண்டிருக்கிறது என்பது இன்னாசிக்குத் தெரிந்தது. அப்போது படகின் அடி சேற்றில் உரசி நின்றது. அதற்கு மேல் கூழாங்கல்லும் முழங்கால் தண்ணீரும்தான், ஓடை அங்கிருந்து பாறைக்குள் ஏறுகிறது. ரீலைப் பார்த்தார். நூல் தீர்ந்து உள்ளேயிருக்கும் வெள்ளை உருளை தெரிந்தது. இன்னும் நாலைந்து சுற்று.

அந்தத் திருகை ஒரு திருப்புத் திருப்பினால் நூல் நிற்கும். நின்றால் மீன் நிற்குமா என்பதை மைதீன் பிச்சையின் கடையில் விழுந்து கிடந்த அப்பளங்கள் முன்பே சொல்லிவிட்டன. ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கவில்லை என்று சொல்வார்களே, அந்த இடம். தெரிந்துகொள்ளவேண்டும் என்றால் இழுக்கவேண்டும். இழுத்தால் அவள் மறுபடியும் பாதியில் நிற்பாள், மறுபடியும் அவரால்.

"ஏங்க," என்றாள் அடைக்கலம், "பொங்கலுக்கு முந்தின வாரம்..."

இன்னாசி தாடையிலிருந்து கோலை எடுத்தார். அதை ஒருதடவை நெஞ்சோடு வைத்துக்கொண்டார். பிறகு குனிந்து, தொட்டில் பிள்ளையைக் கிடத்துகிற மாதிரி தண்ணீரின்மேல் வைத்து, கையைத் திறந்தார். கோல் கூழாங்கற்களின் மேல் தட்டித் தட்டி, ஊதாப் பூக்குடையின் கம்பி நுனி முன்னால் போக, ஓடையில் ஏறிப் பாறைத் திருப்பத்தில் மறைந்தது. வலது கை அத்தனை நேரமும் தொடைக்கடியில் இருந்ததில் மரத்துப்போயிருந்தது. குருவம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை, துடுப்பைப் படகுக்குள் போட்டுவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த மாதத்துக்குள் எல்லா மீன்களும் சிவந்து, ஓடையில் ஏறி, கரையெல்லாம் செத்துக் கிடந்தன. ஊர் அவற்றை அள்ளி, படகில் போனவர்களுக்கு என்று விட்டுவைத்திருந்த இடத்தில் ஒரே குழியாகப் புதைத்தது. பங்குச்சாமியார் மந்திரித்தார், பூசாரி விபூதி போட்டார், மைதீன் பிச்சை தொப்பியை மாட்டிக்கொண்டு கையேந்தி நின்றார். கோல்கள் பரணுக்குப் போயின. துறைக்காரர்கள் நட்ட தகரப் பலகை துருப்பிடித்தது. இன்னாசி தன் கோலைத் தேடவில்லை, யாரையும் தேடவும் விடவில்லை.

மழை பிடித்துக்கொண்டதும் அவர் குடைக் கடைக்குப் போனார். இரண்டு கம்பி போக மிச்சத்தைச் சேர்த்துத் தைத்து, ஆடின கைப்பிடியை இறுக்கி, மைதீன் பிச்சை அந்த ஊதாப் பூக்குடையைத் தயாராக வைத்திருந்தார். கொடுக்கும்போது கேட்டார், கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டார், "அன்னைக்கிக் காலைல என்ன சொல்ல வந்தாங்கன்னு தெரிஞ்சுதாண்ணே?"

"அங்க இன்னும் வரல பாய்," என்றார் இன்னாசி. "மொதல்லருந்து சொல்லிக்கிட்டு வர்றா. பேசி முடிக்கட்டும்."

மைதீன் பிச்சை ஏதோ சொல்ல வாயெடுத்து, வார்த்தை வராமல் நின்றார். இன்னாசி அவர் சொல்லட்டும் என்று கொஞ்சநேரம் நின்று பார்த்தார். ஒன்றும் வராததால் குடையை விரித்துக்கொண்டு மழைக்குள் இறங்கினார். கம்பி இல்லாத பக்கம் துணி தொய்ந்து தண்ணீர் அவர் தோளில் கொட்டியது. அவர் அவசரப்படவில்லை.